பத்தாவது ஆள்: சிங்கப்பூரில் ஒரு சிறு உரிமைக் குழு எப்படி நடக்கிறது

மரண தண்டனை வேண்டாம் என்று பேசவோ, விசாரணையில்லாமல் சிறை வைப்பதைக் கேள்வி கேட்கவோ, வெளிநாட்டு ஊழியரின் சம்பளத்துக்காக நிற்கவோ சிங்கப்பூரில் நாலு பேர் கூடினால், முதல் வேலையாகத் தலைகளை எண்ண வேண்டும். ஒன்பது பேர் வரை அது நண்பர்கள் கூட்டம். பத்தாவது ஆள் சேர்ந்ததும் சங்கங்கள் சட்டத்தின் கண்ணில் அது ஒரு சங்கம். பதிவு செய்யாத சங்கம் சட்டவிரோதச் சங்கமாகவே கருதப்படும். அதை நடத்துபவருக்கு 5 ஆண்டு வரை சிறை. உறுப்பினராக இருப்பவருக்கும், கூட்டத்துக்கு வந்து போனவருக்கும்கூட 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இந்த விதி ரகசியக் கும்பல்களுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்து, பெயர் வைத்து, சின்னம் வரைந்து, செயலாளர் பொருளாளர் என்று பொறுப்புகளைப் பிரித்துக்கொள்ளும் குழுவுக்கும் அதே விதிதான்.

அரசியல் சாசனத்தின் 14ஆம் பிரிவு பேச்சுரிமை, கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை மூன்றையும் சிங்கப்பூரர்களுக்குத் தருகிறது. அதே பிரிவு அவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கும் தருகிறது. சிறிய நாடு, பல இனங்கள், வெளியார் தலையீட்டுக்கு இடம் தரக்கூடாது என்பது அரசாங்கம் சொல்லும் காரணம். அந்தக் காரணத்தை ஏற்கிறீர்களா இல்லையா என்பது வேறு பேச்சு. குழு நடத்த வேண்டுமானால் கட்டுப்பாடுகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும். நாங்கள் கவனித்தவரை, சிக்கலில் மாட்டும் குழுக்களில் பெரும்பாலானவை கருத்துக்காக மாட்டுவதில்லை. எத்தனை பேர், எந்த நாட்டவர், எந்த இடம், யார் பணம் என்ற நான்கில் ஒன்றில் சறுக்கித்தான் மாட்டுகின்றன.

பதிவு செய்வதா, வேண்டாமா

பூப்பந்துச் சங்கமோ புகைப்படச் சங்கமோ தொடங்கினால் பதிவு எளிது. விண்ணப்பித்ததும் தானாகப் பதிவாகும் வழி ஒன்று உண்டு. மனித உரிமை, குடிமை உரிமை, நாட்டு நிர்வாகம், சமயம், இனம், பாலினம், பாலியல் நாட்டம் ஆகியவற்றைத் தொடும் சங்கங்களுக்கு அந்த வழி கிடையாது. சட்டத்தின் அட்டவணையிலேயே அவை தனியாகக் குறிக்கப்பட்டுள்ளன. அவை சாதாரண வழியில் விண்ணப்பித்து, சங்கங்களின் பதிவாளர் ஆராய்ந்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். பொது அமைதிக்கோ தேசிய நலனுக்கோ ஊறு வரும் என்று கருதினால் பதிவாளர் மறுக்கலாம். ஓரினச் சேர்க்கையாளர் உரிமைக்காகப் பேசிய ‘பீப்பிள் லைக் அஸ்’ குழு 1997இலும் 2004இலும் மறுக்கப்பட்டது.

அதனால் எல்லாருக்கும் மறுப்புதான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1985இல் தொடங்கிய மாதர் அமைப்பான ‘அவேர்’, வெளிநாட்டு ஊழியருக்காக நிற்கும் ‘ஹோம்’, ‘டிடபிள்யூசி2’, ஜனநாயகத்தையும் மனித உரிமையையும் பேசும் ‘திங்க் சென்டர்’, ‘மருவா’ எல்லாம் பதிவு பெற்று இயங்குபவைதான்.

இன்னொரு வழி, பங்கு மூலதனம் இல்லாத உத்தரவாத நிறுவனமாக, நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதிவது. நிறுவனமாகப் பதிவானது சங்கச் சட்டத்தின் கீழ் வராது. சிங்கப்பூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது வேண்டும், ஆறு மாதத்துக்குள் நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும், பதிவு முகவரி வேண்டும், ஆண்டுதோறும் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். விசாரணையில்லாமல் சிறை வைக்க இடம் தரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறை இருந்தவர்கள் தொடங்கிய ‘ஃபங்ஷன் எய்ட்’ இந்த வடிவில்தான் நடக்கிறது. ஆனால் இந்தக் கதவையும் மூட முடியும். 2018 ஏப்ரலில் ‘நியூ நரேட்டிஃப்’ இணையத் தளத்தோடு தொடர்புள்ள ஒரு நிறுவனப் பதிவு விண்ணப்பத்தை, தேசிய நலனுக்கு முரணானது என்று சொல்லி அக்ரா நிராகரித்தது.

மூன்றாவது வழி, எதிலும் பதியாமல் சிறு குழுவாகவே இருப்பது. இதில் வேகம் உண்டு. ஆனால் குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க முடியாது. பணம் யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போகும், கூடம் வாடகைக்கு எடுத்தால் ஒப்பந்தத்தில் ஒரு தனி ஆள் கையெழுத்துப் போடுவார், வழக்கு வந்தால் அந்த ஆளின் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இந்த வழியில் போகிறவர்கள் முதல் மாதத்திலேயே மூன்று விஷயங்களை எழுத்தில் வைக்க வேண்டும்: முடிவெடுப்பவர்கள் யார் (ஒன்பது பேர் வரை), யார் உறுப்பினர் அல்லாத தொண்டர், பணத்தை வைத்திருப்பவருக்கு மேல் கணக்குப் பார்க்கும் இரண்டாம் ஆள் யார். தொண்டர் பட்டியலை ‘உறுப்பினர் பட்டியல்’ என்று தலைப்பிட்டு வைத்திருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. எண்ணிக்கை பத்தை எட்டிவிட்டது என்பதற்கு அந்தத் தாளே சான்றாகிவிடும். தலைப்பை மாற்றினால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். தொண்டர்களும் சேர்ந்து வாக்களித்து முடிவெடுக்கிறார்கள் என்றால் அவர்கள் உறுப்பினர்கள்தான்.

யார் பணம்

பதிவு கிடைத்த பிறகு வரும் சோதனை, அரசாங்கம் ஒரு குழுவை ‘அரசியல் சங்கம்’ என்று அரசிதழில் அறிவிப்பது. 2001இல் நடப்புக்கு வந்த அரசியல் நன்கொடைச் சட்டத்தின் கீழ் திங்க் சென்டர் அந்த ஆண்டிலேயே அப்படி அறிவிக்கப்பட்டது, மருவா 2010இல். தேர்தலில் நிற்காத, வேட்பாளரை ஆதரிக்காத குழுவுக்கும் இது நடக்கும். இன்று அந்தச் சட்டத்தின் இடத்தில் வெளிநாட்டுத் தலையீட்டுக்கு எதிரான சட்டம், அதாவது ஃபிக்கா, இருக்கிறது. 2021 அக்டோபரில் நிறைவேறிய அதன் நன்கொடைப் பகுதி 2023 டிசம்பர் இறுதியில் நடப்புக்கு வந்தது.

அறிவிக்கப்பட்ட பின் 21 வயது நிறைந்த சிங்கப்பூரரிடமும், சிங்கப்பூரர் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனத்திடமும் மட்டுமே நன்கொடை வாங்கலாம். பெயர் தெரியாதவர் தரும் தொகை ஓர் ஆண்டில் மொத்தமாக 5,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். நிரந்தரவாசியான அத்தை அன்பாகக் கொடுக்கும் 50 வெள்ளியையும் வாங்கக்கூடாது. உலகில் மனித உரிமை அமைப்புகள் பெரும்பாலும் அறநிதிகளின் மானியத்தில்தான் ஊழியரை வைத்துக்கொள்கின்றன. அந்த வழி அடைபடுவதால் இந்தக் குழுக்கள் மாலை ஏழு மணிக்குமேல் வரும் தொண்டர்களை நம்பியே நடக்கின்றன. சிங்கப்பூரில் நடக்கும் உரிமைப் பணியைப் பார்த்து, ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று கேட்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அறிவிக்கப்படாத குழுவும் அறிவிக்கப்பட்டதுபோலவே கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. உண்டியல் வைத்தால் கூட்டம் முடிந்ததும் இருவர் சேர்ந்து எண்ணி, தேதியும் தொகையும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பேநவ் என்ற வங்கிப் பணமாற்றுச் சேவை வழியாக வரும் பணத்துக்கு அனுப்பியவர் பெயரைப் பதிய வேண்டும், குடியுரிமையைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சந்தேகமானால் திருப்பி அனுப்பி, அனுப்பிய ரசீதையும் கோப்பில் வைக்க வேண்டும். வீடு வீடாகவோ தெருவிலோ நிதி திரட்டத் தனி உரிமம் தேவை. அது இல்லாமல் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே தகர டப்பாவோடு நிற்கக்கூடாது.

எந்த இடம், எந்த நாட்டவர்

இந்தப் பகுதியில்தான் தடுமாறுபவர்கள் அதிகம். 2009ஆம் ஆண்டுக்கு முன்பு ஐந்து பேர் கூடினால்தான் அனுமதி தேவைப்பட்டது. அவ்வாண்டு வந்த பொதுஒழுங்குச் சட்டம் அந்த எண்ணிக்கையை நீக்கியது. ஒரே ஒருவர் தனியாக அட்டை பிடித்து நின்றாலும் அது ‘கூட்டம்’. சமூக ஆர்வலர் ஜோலோவன் வாம் 2018 டிசம்பரில் அரசு நீதிமன்றங்களுக்கு வெளியே ஒரு தாளைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். அதற்கு 2022இல் 3,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. கட்டாமல் 15 நாள் சிறை சென்றார். முதல் முறை குற்றத்துக்கு 5,000 வெள்ளி வரை, மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்பது சட்டத்தின் அளவு.

காவல்துறை அனுமதி இல்லாமல் ஆர்ப்பாட்டம் நடத்தக்கூடிய வெளியிடம் நாடு முழுக்க ஒன்றே: ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனை. 2000 செப்டம்பர் 1ஆம் தேதி பேச்சுக்காகத் திறந்தது. 2008 முதல் ஆர்ப்பாட்டமும் செய்யலாம். தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத் தளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். ஏற்பாட்டாளர் சிங்கப்பூரராக இருக்க வேண்டும். பேசுபவரும் சிங்கப்பூரராக இருக்க வேண்டும். நிரந்தரவாசி ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொள்ளலாம், ஏற்பாடு செய்ய முடியாது. மற்ற வெளிநாட்டவர் கலந்துகொள்ளவே கூடாது. சமயத்தைப் பற்றியும், இனங்களுக்கிடையே பகை மூட்டும்படியும் பேசக்கூடாது. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் எதிலும் பேசலாம். ஆகவே தமிழில் தாராளமாகப் பேசலாம். இந்த உரிமையைத் தமிழர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது எங்கள் வருத்தம்.

பூங்கா எப்போதும் கிடைக்கும் என்றும் நம்பிவிட முடியாது. 2015 மார்ச்சில் லீ குவான் யூ மறைந்தபோது அங்கே அனுமதியின்றிக் கூடும் ஏற்பாடு தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. கொவிட் காலத்தில் 2020 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை மூடிக் கிடந்தது.

நாட்டவர் என்ற விதி தமிழ் பேசும் குடும்பங்களைச் சுடும் இடம் ஒன்று உண்டு. மரண தண்டனைக் கைதிகளில் மலேசியத் தமிழர்கள் கணிசம். நாகேந்திரன் தர்மலிங்கம் 42 கிராமுக்குச் சற்று அதிகமான ஹெராயின் கடத்தியதற்காக 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். 15 கிராமைத் தாண்டினாலே மரண தண்டனைக்கு உரிய குற்றம். அவருடைய அறிவுத்திறன் எண் 69 என்று வழக்கில் சொல்லப்பட்டது உலகமெங்கும் பேசப்பட்டது. இப்படிப்பட்ட ஒருவரின் தாய் ஈப்போவிலிருந்து வந்தால், மகனுக்காக ஹோங் லிம் பூங்காவில் ஒலிவாங்கியைப் பிடிக்க அவருக்கு உரிமை இல்லை. மெழுகுவத்தி ஏந்தி நிற்கவும் உரிமை இல்லை. அவர் எழுதிய கடிதத்தை ஒரு சிங்கப்பூரர் வாசிக்கலாம். ஆகவே குடும்பத்தின் சொற்களை அப்படியே தமிழில் எழுதி வாங்கி, சுருக்காமல் மொழிபெயர்த்து, வாசிக்க ஆளை முன்பே ஏற்பாடு செய்வது குழுவின் பொறுப்பாகிறது. நிறைவேற்றும் தேதி பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு முன்புதான் குடும்பத்துக்குத் தெரியவரும். அந்த ஒரு வாரத்தில் பேருந்துச் சீட்டு, தங்குமிடம், சிறைச் சந்திப்பு நேரம், வழக்கறிஞர், உடலை ஊருக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு எல்லாம் நடக்க வேண்டும். தமிழ் பேசும் தொண்டர் ஒருவராவது எப்போதும் தயாராக இருப்பது இதனால்தான் முக்கியம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியர்களின் நிலையும் இதேதான். வேலை பெர்மிட்டில் இருப்பவரைப் பூங்காவுக்கு அழைக்காதீர்கள், அட்டை பிடிக்கச் சொல்லாதீர்கள். 2012 நவம்பரில் எஸ்எம்ஆர்டி போக்குவரத்து நிறுவனத்தின் பேருந்துகளை ஓட்டிய சீன நாட்டு ஓட்டுநர்கள் வேலைக்குப் போகாமல் இருந்ததற்காக ஐவர் சிறை சென்றார்கள், 29 பேர் நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கடன் வாங்கி வந்தவருக்கு விமானச் சீட்டே தண்டனை. ஊழியருக்கு உதவ வேறு வழி இருக்கிறது: சம்பளப் பாக்கிப் புகாரை வேலையில் இருக்கும்போது, பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும் கொடுக்க வேண்டும். இந்தக் காலக்கெடுவைத் தமிழில் எழுதி ஒட்டுவது பல ஊர்வலங்களைவிடப் பயன் தரும்.

உள்ளரங்கக் கூட்டம் எளிது என்று நினைப்பவர்கள் ஒரு நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள். ஏற்பாட்டாளரும் பேச்சாளர்கள் அனைவரும் சிங்கப்பூரராக இருந்து, ஏற்பாட்டாளர் முழு நேரமும் அங்கே இருந்து, பேச்சு சமயத்தையும் இனப் பகையையும் தொடாவிட்டால் மட்டுமே அனுமதி தேவையில்லை. 2016 நவம்பரில் நடந்த ஒரு கருத்தரங்கில் ஹாங்காங்கின் ஜனநாயக ஆர்வலர் ஜோஷுவா வோங் ஸ்கைப் வழியே பேசினார். அனுமதி பெறாமல் நடத்தியதற்காக ஜோலோவன் வாம் தண்டிக்கப்பட்டார். திரையில் வந்தாலும் வெளிநாட்டவர் பேச்சாளர்தான். சென்னையிலிருந்து ஒரு பேராசிரியரை ஸூமில் கூப்பிட்டு, பொதுமக்களுக்குத் திறந்த கூட்டம் நடத்தும் முன் இதை நினைவில் வையுங்கள்.

இணையத்தில் எழுதும்போது

பொஃப்மா எனப்படும் பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டம் 2019 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ளது. ஒரு கூற்று பொய் என்று அமைச்சர் கருதினால் திருத்த உத்தரவு வரும். பதிவை எடுக்காமல், அதன்மேல் அரசாங்கத்தின் திருத்தக் குறிப்பை ஒட்ட வேண்டும். நீக்கச் சொல்லும் உத்தரவு வேறு வகை. முதலில் அமைச்சரிடம் ரத்து கேட்டு, மறுத்தால்தான் உயர் நீதிமன்றம் போகலாம். அதற்கிடையிலும் உத்தரவைப் பின்பற்றியாக வேண்டும். தவறினால் தனி ஆளுக்கு 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அமைப்புக்கு 5 லட்சம் வெள்ளி வரை அபராதம்.

ஆறு மாதத்துக்குள் இப்படி மூன்று கூற்றுகள் சேர்ந்தால் அந்தப் பக்கத்தையே ‘அறிவிக்கப்பட்ட இணையத் தளம்’ ஆக்கலாம். பிறகு அந்தப் பக்கத்தின் வழியே வருமானம் தேட முடியாது, பக்கத்தின் தலையில் எச்சரிக்கை இருக்க வேண்டும். மரண தண்டனைக்கு எதிராக இயங்கும் ‘டிரான்ஸ்ஃபார்மேட்டிவ் ஜஸ்டிஸ் கலெக்டிவ்’ குழுவின் தளத்துக்கும் சமூக ஊடகப் பக்கங்களுக்கும் 2024 டிசம்பரில் இது நடந்தது.

பொஃப்மா நடைமுறையில் தகவல்மீது பாயும், கருத்துமீது அல்ல. “தூக்குத் தண்டனை கொடியது” என்பது கருத்து. “மேல்முறையீடு கேட்க வழக்கறிஞரை விடவில்லை” என்பது தகவல். அதற்குத் தேதி, நீதிமன்ற ஆவணம், நேரில் இருந்தவர் வாக்குமூலம் ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். குடும்பத்தார் அழுதுகொண்டே சொன்னதை அப்படியே தகவலாகப் போடும்போதுதான் சறுக்கல் நேர்கிறது. அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் ‘வழக்கு தள்ளுபடி’, ‘மனு தள்ளுபடி’, ‘ஒத்திவைப்பு’ மூன்றும் அதிர்ச்சியில் ஒன்றாகக் குழம்பிவிடும். எழுதியவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர், உத்தரவு வந்தால் இரவிலும் பக்கத்தைத் திருத்தும் கடவுச்சொல் தெரிந்தவர் இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீதிபதிகளின் நேர்மையைக் குறைசொல்லும் வரிகளுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. அதில் 1 லட்சம் வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

பழைய பயம்

வீட்டில் பெரியவர்கள் “உனக்கு ஏன் இந்த வேலை” என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. 1963 பிப்ரவரி 2 அன்று ‘ஆப்பரேஷன் கோல்ட்ஸ்டோர்’ என்ற கைது நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிப் பிடிக்கப்பட்டார்கள். 1987 மே 21 அன்று தேவாலயத் தொண்டர்கள், வழக்கறிஞர்கள், நாடகக்காரர்கள் என 16 பேர், பின்னர் மேலும் 6 பேர், மார்க்சியச் சதி என்ற குற்றச்சாட்டில் பிடிக்கப்பட்டார்கள். வழக்கு நடக்கவில்லை. விடுதலையானவர்களில் 9 பேர் 1988 ஏப்ரலில் தாங்கள் மோசமாக நடத்தப்பட்டதாகக் கூட்டறிக்கை விட, 8 பேர் மீண்டும் பிடிபட்டார்கள். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இன்றும் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை காவல், பின்னர் நீட்டிக்கலாம். 1989 திருத்தத்துக்குப் பின் நீதிமன்றம் நடைமுறை சரியா என்று மட்டுமே பார்க்க முடியும். பெரியவர்களின் பயத்தைக் கிண்டல் செய்யாதீர்கள். அவர்கள் அந்தக் காலத்தை வாழ்ந்தவர்கள்.

அண்மை ஆண்டுகளில் குழுக்களைத் தேடி வருவது பெரும்பாலும் காவல்துறையின் விசாரணைக் கடிதம்தான். அழைப்பு வந்ததும் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். ஆனால் விசாரணை அறையில் வழக்கறிஞர் உடன் இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். கைத்தொலைபேசியைப் பறிமுதல் செய்ய அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு, எனவே முக்கிய எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தெரிந்த உண்மையைச் சொல்ல வேண்டும், ஆனால் உங்கள்மேல் குற்றச்சாட்டு வரக்கூடியதைச் சொல்லத் தேவையில்லை. வாக்குமூலத்தை வாசித்துக் காட்ட வேண்டும். ஆங்கிலம் சரளமில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். தவறிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். நகல் தரவில்லை என்று கையெழுத்திட மறுத்த குற்றத்துக்கும் மேலே சொன்ன ஸ்கைப் வழக்கில் அபராதம் விழுந்தது. வெளியே வந்த அரை மணி நேரத்துக்குள் என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று நினைவிலிருந்து எழுதி வையுங்கள்.

வெளியே சொல்லும் வழி

சிங்கப்பூரில் தேசிய மனித உரிமை ஆணையம் இல்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான அனைத்துலக உடன்படிக்கையிலும் நாடு சேரவில்லை. ஆனால் பெண்கள், குழந்தைகள், உடற்குறையுள்ளோர், இனப் பாகுபாடு பற்றிய உடன்படிக்கைகளில் சேர்ந்திருக்கிறது. அவற்றுக்கான அரசாங்க அறிக்கை போகும்போது குழுக்களும் மாற்று அறிக்கை அனுப்பலாம். ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் முறைவைத்துப் பரிசீலிக்கும் ஐக்கிய நாடுகளின் பொதுச் சுழற்சி மறுஆய்வு சிங்கப்பூருக்கு 2011, 2016, 2021 என வந்தது. தனிக் குழு அனுப்பும் அறிக்கை 2,815 சொல்லுக்குள், பல குழு சேர்ந்தால் 5,630 சொல்லுக்குள் இருக்க வேண்டும். எல்லாக் குறைகளையும் கொட்டினால் எதுவும் பதியாது. இரண்டு அல்லது மூன்று விஷயம், ஒவ்வொன்றுக்கும் தேதியோடு நடந்தவை, முந்தைய சுற்றில் அரசாங்கம் ஏற்ற பரிந்துரை, அதற்குப்பின் நடந்தது, இப்போது கேட்பது என்ற வரிசையில் எழுதுங்கள். வெளிநாட்டு ஊழியர் பெயர்களை எடுத்துவிடுங்கள். தமிழில் வாங்கிய வாக்குமூலத்தின் மூலப் பிரதியை, வாங்கிய தேதியோடும் மொழிபெயர்த்தவர் கையெழுத்தோடும், குழுவில் இருவர் வீட்டில் தனித்தனியே வையுங்கள். ஒரு வீட்டிலிருந்து கணினியும் கோப்பும் எடுத்துச் செல்லப்பட்டாலும் மற்றொன்றை வைத்து வேலை தொடரலாம்.